ஆறடிக்குப் பதினாறு அங்குலம்

நாடகத்துக்கும் எனக்கும் இருந்த தொடர்பு, பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மனுக்குப் பின்னால் வேல் பிடித்து நின்றதோடு முடிந்துபோயிருந்தது. அதிலும் வசனம் கிடையாது. அதனால், எங்கள் ஊர்ச் சமூகக் கூடத்தின் பலகையில் ‘நாடகத்துக்கு ஆள் தேவை, நடிக்கத் தெரிய வேண்டியதில்லை’ என்று ஒட்டியிருந்த தாளைப் பார்த்து நான் பெயர் கொடுத்துவிட்டு வந்ததை வீட்டில் யாரும் நம்பவில்லை. “என்னங்க, உங்களுக்கு இங்கிலீஷ்ல கோபம்கூட வராதே, நீங்க என்னத்த நடிக்கப் போறீங்க?” என்றாள் மனைவி. நடிக்க இல்லை, பெட்டி தூக்க என்றேன். சும்மா சொன்னேன். அதுவே பலித்தது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் கிழக்கே, கேம்பிரிட்ஜ்ஷயரின் வடக்கு மூலையில். ஃபென்ஸ் என்பார்கள். சதுப்பை வடித்து எடுத்த நிலம்; கறுப்பு மண், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கண்ணுக்கு எட்டிய வரை நேர்க்கோட்டில் வாய்க்கால்கள். ஒரு காய்கறி பேக்கிங் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பக்கத்து டவுன் விஸ்பீச். அங்கே ஆற்றுப் பாலத்தை ஒட்டி, கோயில் தேர் மாதிரி மேலே கூம்பிய ஒரு கல் மண்டபம் நிற்கிறது, 68 அடி உயரம். பல வருஷமாக அதைச் சுற்றிக் கார் ஓட்டியும், ஏதோ சர்ச்சில் மிஞ்சிய பாகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே சிலையாக நிற்பவர் தாமஸ் கிளார்க்சன், அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடியவர். நாடகம் அவரைப் பற்றியது.

1760-இல் விஸ்பீச்சில் பிறந்தவர். அப்பா அங்கே பள்ளித் தலைமை ஆசிரியர். 1785-இல் கேம்பிரிட்ஜில் ஒரு லத்தீன் கட்டுரைப் போட்டி. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது முறையா என்பது தலைப்பு. பரிசுக்காகத்தான் எழுத உட்கார்ந்தார். தகவல் தேடத் தேடத் தூக்கம் போய்விட்டது. பரிசும் கிடைத்தது. பிறகு லண்டனுக்குக் குதிரையில் போகும் வழியில், வேட்ஸ்மில் என்ற ஊருக்குப் பக்கத்தில் இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். எழுதியதெல்லாம் உண்மை என்றால், யாராவது இதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டுமே என்ற நினைப்பு. அப்போது வயது 25. அந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

“பரிசுக்காக எழுதினவரா?” என்று என் பத்து வயது மகள் கேட்டாள், ஏமாற்றத்தோடு. எனக்கென்னவோ அவரை முதலில் பிடித்துப்போனதே அதனால்தான்.

எங்கள் குழுவில் மொத்தம் பதினொரு பேர். எழுதி இயக்கியவர் ஓய்வு பெற்ற வரலாற்று டீச்சர். கிளார்க்சனாக நடித்தவர் எங்கள் தெருவுக்குத் தபால் போடுபவர். நல்ல தேர்வு. கிளார்க்சன் ஏழு வருஷத்தில் குதிரையில் சுற்றியது 35,000 மைல் என்பார்கள். பூமியை ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. தபால்காரர் அந்த எண்ணைப் படித்துவிட்டு, “முட்டி என்ன ஆகியிருக்கும்?” என்றார். வேறு யாருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை.

முதல் வாசிப்பு 2 மணி 40 நிமிஷம் ஓடியது. எல்லாம் பேச்சு. இதே காரியத்துக்காக நின்ற எம்.பி. வில்பர்ஃபோர்ஸ் நாடாளுமன்றத்தில் பேசுகிறார், கிளார்க்சன் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடம் பேசுகிறார், குவேக்கர்கள் தங்களுக்குள் பேசுகிறார்கள். அத்தனையும் சரியான கருத்து, அத்தனையும் நல்ல வாக்கியம். ஒரு மணி நேரம் ஆனதும், தச்சுவேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அடிமை வணிகம் தவறு என்று இன்றைக்கு உட்கார்ந்து கேட்கிறவர்களில் யாருக்குச் சந்தேகம்? தெரிந்ததையே மேடையிலிருந்து திரும்பத் திரும்பச் சொன்னால் தலையாட்டுவார்கள், அப்புறம் தூங்குவார்கள். வரலாற்றுப் பெரியவர்கள் பற்றி நாடகம் போடுகிற எல்லாருக்கும் இந்தப் பள்ளம் காத்திருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் தலைவர்கள் பற்றிப் போடும் நாடகங்களும் இதில் விழுந்தவைதானே.

டீச்சர் எங்களை ஒரு சனிக்கிழமை விஸ்பீச் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கிளார்க்சனின் பெட்டி இருக்கிறது. மரப்பெட்டி, உள்ளே தட்டுத் தட்டாக அறைகள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பொருள்களை அவர் துறைமுகங்களில் தேடித்தேடிச் சேர்த்திருந்தார்: மர மாதிரிகள், தந்தம், மிளகு, பருத்தி, நெய்த துணி, தோல் வேலை. போகிற இடமெல்லாம் இதைத் திறந்து காட்டுவாராம். ‘இவ்வளவு வாங்கி விற்க இருக்கும்போது மனிதர்களை ஏன் வாங்குகிறீர்கள்?’ என்பதுதான் பெட்டி கேட்ட கேள்வி. துணியைப் பார்த்ததும் இன்னொன்றும் புரிந்துவிடும். இதை நெய்தவர்களைத்தான் காட்டுமிராண்டிகள் என்கிறார்கள் என்று. பிரதமர் பிட் அதைப் பார்த்து அசந்துபோனாராம். 1788-இல் மன்னரின் ஆலோசனைக் குழு விசாரணை நடத்தியபோதும் பெட்டி போனது.

நான் கண்ணாடிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். எனக்கு அது சந்தைக்கு வந்த வியாபாரி சாம்பிள் காட்டுகிற மாதிரி இருந்தது. எங்கள் கம்பெனிக்கும் அப்படித்தான் வருவார்கள். பேசுவதற்கு முன்னால் கேரட்டை மேஜையில் வைத்துவிடுவார்கள். இந்த மனிதருக்குப் பேச்சை விடப் பொருள் மேல் நம்பிக்கை. திரும்பி வரும்போது காரில் டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பிரதியில் பாதி காணவில்லை. வில்பர்ஃபோர்ஸின் பேச்சு முழுசாகப் போய்விட்டது. அந்த வேடக்காரர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நாடகம் எழுபது நிமிஷமாக இறங்கியது. பெட்டி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

பெட்டியைத் தச்சரும் நானும் அவர் ஷெட்டில் செய்தோம். பழைய அலமாரிப் பலகைதான். அறைகளை நிரப்பும்போது ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். முன் வரிசைக்கு மட்டும்தானே தெரியும் என்று பொம்மைப் பொருளை வைத்தால், நடிகர் அதைப் பொம்மையைத் தொடுகிற மாதிரியே தொடுவார். காலிப் பெட்டியைத் தூக்குபவர் முதுகு பொய் சொல்லும்; கடைசி வரிசைக்கே தெரிந்துவிடும். அதனால் உண்மை மிளகு இரண்டு கிலோ கொட்டினோம், பஞ்சு வைத்தோம், மெழுகு வைத்தோம். மூடி திறந்ததும் மிளகு வாசம் மூன்றாம் வரிசை வரை போனது. என் மனைவி கொஞ்சம் இடித்துப் போடச் சொன்னாள், அதனால்தான். தந்தத்துக்கு மட்டும் மரத்தில் வண்ணம் அடித்தோம்.

பெட்டியின் இன்னொரு பக்கம்தான் கஷ்டம். 1787-இல் கிளார்க்சன் லிவர்பூலில் ஒரு கடைச் சன்னலில் கைவிலங்கு, கால்விலங்கு, கட்டைவிரலை நசுக்கும் திருகு எல்லாம் விற்பனைக்கு வைத்திருப்பதைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்கினார். கவராயம் மாதிரி ஒரு கருவியும் இருந்தது. கடைக்காரரே விளக்கினார்: சாப்பிட மறுத்து வாயை இறுக மூடிக்கொள்கிறவர்களின் பற்களை நெம்பித் திறக்க. வெட்கப்பட்டு மறைத்து வைக்கவில்லை. பூட்டும் சாவியும் போலத் தெருவைப் பார்த்து மாட்டி வைத்திருந்தார்கள். பட்டினி கிடந்து செத்துப்போக நினைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருந்தால் அதற்கென்று ஒரு கருவி செய்து கடையில் விற்பார்கள்?

முதலில் வாடகைக்கு வந்த விலங்கு பிளாஸ்டிக். மேஜையில் வைத்தால் டொக்கென்றது, தயிர் டப்பா மாதிரி. குழுவில் இரண்டு இளைஞர்கள் அதைக் கையில் மாட்டிப் படம் வேறு எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் அன்றைக்குத்தான் குரலை உயர்த்திப் பேசினார். அதன் பிறகு ஒரு விதி வந்தது: விலங்கை யாரும் மாட்டக்கூடாது, மேடையிலும் சரி, வெளியேயும் சரி. குதிரை லாடம் அடிப்பவர் ஒருவரிடம் சொல்லி இரும்பில் ஒரு ஜோடி செய்து வாங்கினோம். இரண்டு கைக்கும் கனம். தபால்காரர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒன்றும் பேசாமல் மரமேஜை மேல் வைப்பார். அந்த ஒரு சத்தம்தான். ஒத்திகையில் நாங்களே ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டோம். இப்படி ஒரு நாடகம் போடுகிறவர்கள் வேறு எதில் காசு மிச்சம் பிடித்தாலும் இரும்பில் பிடிக்காதீர்கள்.

இனி வேடம் கொடுத்த கதை. டீச்சர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். ஒரு காட்சியில் அடிமையாக இருந்த ஒருவர் மண்டியிட்டுப் பேச வேண்டும், நீங்கள் செய்வீர்களா என்றார். குழுவில் வெள்ளைக்காரர் அல்லாதவன் நான் ஒருவன்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் காது சூடானது. “நான் மதுரைப் பக்கம். மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் எனக்கும் எவ்வளவு தூரமோ அதை விடப் பக்கம் உங்களுக்கு” என்று சொல்லிவிட்டேன். தூரக் கணக்கு உண்மைதான், வேண்டுமானால் வரைபடம் பாருங்கள். அவர் சிரித்துவிட்டார், எனக்கும் இறுக்கம் போய்விட்டது.

விஸ்பீச் மண்டபத்தின் அடிப்பகுதியில் புடைப்புச் சிற்பங்கள் உண்டு. ஒன்று வில்பர்ஃபோர்ஸ், ஒன்று இன்னோர் எதிர்ப்பாளரான கிரான்வில் ஷார்ப், இன்னொன்று கையில் விலங்கோடு கெஞ்சுகிற ஓர் அடிமை. முதல் இருவருக்கும் பெயர் இருக்கிறது. மூன்றாமவருக்கு இல்லை. அந்தக் கெஞ்சும் உருவம் 1787-இலேயே அடிமை வணிக எதிர்ப்பு இயக்கத்தின் முத்திரையாகி, பதக்கங்களிலும் நகைகளிலும் ஏறி ஊரெல்லாம் பரவியது. நாங்கள் எழுதியிருந்த காட்சி அந்தச் சிற்பத்தின் நகல்தான் என்று அப்போது உறைத்தது.

ஆனால் பெயரோடு ஒருவர் இருந்தார், அதுவும் எங்கள் பக்கத்திலேயே. ஓலவுடா ஈக்வியானோ. அடிமையாக விற்கப்பட்டு, காசு சேர்த்துத் தன் விடுதலையைத் தானே வாங்கி, 1789-இல் தன் வாழ்க்கையை எழுதிப் புத்தகமாகப் போட்டு, ஊர் ஊராகப் போய் விற்றவர். 1792-இல் அவர் கல்யாணம் செய்துகொண்டது கேம்பிரிட்ஜ்ஷயரின் சோஹம் என்ற சின்ன ஊரில். எங்களுக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெண் உள்ளூர்ப் பெண், சுசானா கல்லன். அவர்களின் மூத்த குழந்தை நான்கு வயதில் இறந்ததற்குக் கேம்பிரிட்ஜில் செஸ்டர்ட்டன் சர்ச் சுவரில் கல் இருக்கிறது. குழுவில் பாதிப் பேருக்கு இது தெரியாது. சோஹமிலேயே வளர்ந்த ஒருவருக்கும் தெரியாது!

முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஒரு நைஜீரியப் பெண்மணி, டீச்சரின் அக்காவைக் கவனித்துக்கொள்பவர், கடைசியில் ஒப்புக்கொண்டார். மூன்று நிபந்தனை வைத்தார். கிழிசல் போட மாட்டேன். மண்டியிட மாட்டேன். நீங்கள் எழுதிய வசனம் வேண்டாம், ஈக்வியானோ எழுதியதையே படிப்பேன். வேலை முடிந்து வரும் அதே கருநீலக் கோட்டோடு மேடையின் ஓரத்தில் நின்று நான்கு தடவை நான்கு பத்தி படித்தார், அவ்வளவுதான். ஆணின் எழுத்தைப் பெண் படிக்கலாமா என்று வில்பர்ஃபோர்ஸ் வேடக்காரர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்மணியின் ஷிஃப்டுக்குத் தகுந்தபடி எங்கள் ஒத்திகை நேரத்தை மாற்றினோம். இப்படிப்பட்டவர்கள் உள்ளூர் நாடகங்களுக்கு வருவதில்லை என்று குறைப்படுகிறவர்கள் முதலில் ஒத்திகை எத்தனை மணிக்கு வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இப்போது கப்பல். 1789-இல் கிளார்க்சனும் லண்டனில் இருந்த அடிமை வணிக எதிர்ப்புக் குழுவும் அச்சிட்ட ஒரு படம் உண்டு; பள்ளிப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். லிவர்பூலின் புரூக்ஸ் என்ற கப்பலின் தளம், அதில் மத்தி மீன் அடுக்கிய மாதிரி மனித உருவங்கள், 482 பேர். சட்டப்படி அந்தக் கப்பலில் 454 பேர் வரை ஏற்றலாம். அந்தச் சட்டம் வருவதற்கு முன் ஒரு பயணத்தில் 609 பேர் ஏற்றியிருக்கிறார்கள். படத்தில் ஆளுக்கு அளந்து கொடுத்த இடம்: ஆணுக்கு 6 அடி நீளம், 16 அங்குல அகலம். பெண்ணுக்கு 5 அடி 10 அங்குலம், அதே அகலம். பையனுக்கு 5 அடிக்கு 14 அங்குலம். சிறுமிக்கு நாலரை அடிக்கு ஓர் அடி. தலைக்கு மேல் பலகைக்கு 2 அடி 7 அங்குலம். நம் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் படுத்தால் எவ்வளவோ அவ்வளவு.

படத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டலாம் என்றார்கள். எல்லாரும் பார்த்த படம், கண் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அளவு டேப்பை எடுத்துக் கூடத்தின் தரையில் ஒரே ஒரு கட்டம் போட்டேன். 183 சென்டிமீட்டர், 40 சென்டிமீட்டர் சொச்சம். தபால்காரர் படுத்தார். கிளார்க்சன் ஆறடிக்கு மேல் உயரம், இவரும் அப்படித்தான். தலை கோட்டுக்கு வெளியே போனது, இரண்டு தோளும் வெளியே. ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தார். சரியாக அடங்கியது. “திரும்பிப் படுக்கணும்னா?” என்றார் படுத்தபடியே. பக்கத்துக் கட்டத்தில் இன்னொருவரைப் படுக்கச் சொன்னோம். ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்ப வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தோம். ஐந்தாவது ஆள் படுக்கும்போது கூடத்தில் சத்தமே இல்லை.

என் மகள் சிறுமியின் கட்டத்தில் படுத்தாள், கேட்காமலேயே. “அப்பா, கையை எங்க வைக்கிறது?” என்றாள். நான் எழுந்திருக்கச் சொல்லிவிட்டேன்.

முப்பத்திரண்டு கட்டம் போட்டோம். மேடைக்கும் முன் வரிசைக்கும் நடுவில் இருந்த இடத்தில் அவ்வளவுதான் கொண்டது. டீச்சர் ஒரு யோசனை செய்தார்: பார்க்க வருகிறவர்கள் இந்தக் கட்டங்கள் மேல் நடந்துதான் நாற்காலிக்குப் போக வேண்டும், என்ன கோடு என்று யாரும் சொல்லக்கூடாது. கப்பல் காட்சி வரும்போது மேடை விளக்கை அணைத்துத் தரைக்கு மட்டும் வெளிச்சம். அளவுகளை ஒரு குரல் படிக்கும். பார்வையாளர்கள் குனிந்து தங்கள் காலடியைப் பார்ப்பார்கள். நாங்கள் செய்ததில் இது ஒன்றுதான் உண்மையிலேயே வேலை செய்தது என்பேன், பெட்டியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இதில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். கையில் கிடைத்த பார்சல் டேப்பை ஒட்டி, ஒவ்வொரு தடவையும் அளக்கச் சோம்பல்பட்டு ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டேன். உரித்தபோது தரையின் வார்னிஷும் கூடவே வந்தது. முப்பத்திரண்டு கட்டமும் மங்கலாக, நிரந்தரமாகப் பதிந்துவிட்டன. கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் என்னைத் திட்டிய சொற்களில் சிலவற்றுக்கு அர்த்தம் பார்க்க வேண்டியிருந்தது. முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டுகிற மெல்லிய டேப்தான் வாங்க வேண்டும். அதையும் ஒரு மூலையில் ஒட்டிப் பார்த்து, ஒத்திகை முடிந்த அன்றே உரித்துவிட வேண்டும். மூலைகளை மட்டும் சின்னதாகக் குறித்து வைத்தால் போதும், மறுநாள் இருபது நிமிஷத்தில் திரும்ப ஒட்டிவிடலாம்.

இடைவேளைக்குத் தேநீர் கொடுப்பது இங்கே சம்பிரதாயம். 1791-இல் அடிமை வணிகத்தை நிறுத்தும் மசோதா 88-க்கு 163 என்று தோற்றபோது, ஜனங்கள் சர்க்கரையை விட்டார்கள். அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரை. 3 லட்சம் பேர் விட்டுவிட்டதாகக் கிளார்க்சன் தன் பயணங்களில் கண்டு கணக்குச் சொன்னார். ஓட்டுரிமை இல்லாத பெண்களுக்கும் கடையில் சர்க்கரை வாங்காமலிருக்கும் உரிமை இருந்தது. ஆகவே எங்கள் தேநீரிலும் சர்க்கரை கிடையாது. கோப்பைக்குப் பக்கத்தில் காரணம் எழுதிய ஒரு சின்ன அட்டை. நல்ல யோசனை என்று எல்லாரும் எங்களையே பாராட்டிக்கொண்டோம். முதல் நாள் ஒரு தாத்தா அட்டையை முழுக்கப் படித்தார். “ரொம்ப நல்லது. சர்க்கரை எங்கே?” என்றார். இல்லை என்றதும், கோட்டுப் பையிலிருந்து தன் சொந்தப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொட்டிக் கலக்கினார். 3 லட்சத்தில் சேராத குடும்பங்களும் இருந்தன அல்லவா!

முதல் நாள் அதை விடப் பெரிய கூத்து நடந்தது. பெட்டிக்கு அழகாக இருக்கட்டும் என்று பழைய சாமான் சந்தையில் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி மாட்டியிருந்தேன். பிட் முன்னால் கிளார்க்சன் பெட்டியைத் திறக்கும் கட்டம். தபால்காரர் சாவியைத் திருப்புகிறார். திருகவில்லை. மறுபடியும். பெட்டிக்குள் மிளகு குலுங்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. நான் ஓரத் திரைக்குப் பின்னால் வேர்த்து நிற்கிறேன். பிட் வேடக்காரர், பாவம், “பொறுமையாக, ஐயா” என்று சொந்தமாக ஒரு வசனம் சேர்த்தார். அப்புறம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தச்சர் எழுந்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார், மேடைக்கு நடந்து போய்க் கீலின் மூன்று திருகாணியைக் கழற்றி மூடியைப் பின்பக்கமாகத் திறந்து கொடுத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். கூடம் கைதட்டியது. அந்த நாடகத்தில் அதிகமாகக் கைதட்டு வாங்கியது அவர்தான்.

அதற்குப் பிறகு விலங்குக் காட்சி எப்படி எடுபடும் என்று பயந்தேன். எடுபட்டது. சிரித்து முடித்த முகங்கள் முன்னால் இரும்பு மேஜையில் விழுந்தது. ஆனால் அதை நம்பி யாரும் பூட்டு மாட்டாதீர்கள். மேடையில் திறக்க வேண்டிய எதற்கும் உண்மைப் பூட்டு கூடாது. இரண்டு காந்தத் துண்டு போதும். இரண்டாம் நாள் அதைத்தான் செய்தேன்.

கணக்குப் பிள்ளை என்பதால் நாடகத்தின் சிறு புத்தகத்தைப் பிழை திருத்தும் வேலையும் எனக்கு வந்தது. 1807 மார்ச் 25-இல் அடிமை வணிகம் சட்டப்படி நின்றது, 1833-இல் பேரரசு முழுவதும் அடிமை முறையே ஒழிந்தது என்று டீச்சர் எழுதியிருந்தார். எல்லாரும் எழுதுவதுதான். ‘முழுவதும்’ என்ற சொல்லைப் பார்த்தால் எனக்குத் தணிக்கைக்காரப் புத்தி வந்துவிடும். சட்டத்தின் வாசகத்தை எடுத்துப் பார்த்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி வசமிருந்த பகுதிகளுக்கும் இலங்கைத் தீவுக்கும் செயின்ட் ஹெலினாவுக்கும் பொருந்தாது என்று ஒரு பிரிவு பச்சையாகச் சொல்கிறது. அதாவது என் ஊருக்குப் பொருந்தாது. இந்தியாவுக்கு 1843-இல் தனிச் சட்டம், இலங்கைக்கு 1844-இல்.

சுந்தரர் கல்யாணத்தில் கிழவர் ஓலையை நீட்டி ‘நீ எனக்கு அடிமை’ என்று மறிக்கும் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவது உண்டா என்றுதான் அங்கே வழக்கு. மனிதன் மனிதனுக்கு அடிமையாகலாமா என்பது அந்தச் சபையில் வழக்கே இல்லை. பண்ணையோடு ஆள்களும் கைமாறிய ஊர்களிலிருந்துதான் நாமெல்லாம் வந்திருக்கிறோம். இதை டீச்சரிடம் விளக்க ஒரு முழு மாலை ஆனது. புத்தகத்தில் ஒரு வரி மாறியது.

இன்னொரு வரியும் சேர்த்தோம். 1833-க்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அவர்கள் 1838 வரை ‘பயிற்சி வேலையாள்’ என்ற பெயரில் அதே முதலாளிக்கு உழைத்தார்கள். அந்த இழப்பீட்டுக்கு வாங்கிய கடன் முழுசாக அடைந்தது 2015-இல்தான் என்று இந்நாட்டு நிதி அமைச்சகமே சொல்லியிருக்கிறது. நான் இங்கே வரி கட்ட ஆரம்பித்தது 2009-இல். ஆறு வருஷம் என் சம்பளச் சீட்டிலிருந்தும் ஏதோ சில பைசா அதற்குப் போயிருக்கிறது. நைஜீரியப் பெண்மணி தன் கணக்கையும் சொன்னார்: அவர் வந்தது 2004. “என்னுடையது உன்னுடையதை விட ஐந்து வருஷம் அதிகம்” என்றார், தேநீரில் சர்க்கரை இல்லாததற்கு முகம் சுளித்துக்கொண்டே.

மூன்று நாளும் கூடம் நிறைந்தது. எண்பத்திரண்டு நாற்காலி, பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய எண் ஒன்றுமில்லை, ஆனால் வாடகையும் வார்னிஷ் தண்டமும் போக நூற்றுச் சொச்சம் பவுண்டு மிஞ்சியது. சொந்தப் பிரதி என்பதால் உரிமைத் தொகை கட்ட வேண்டியிருக்கவில்லை, அது பெரிய மிச்சம். விலங்கை டீச்சர் தன் பழைய பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. குளிர்காலக் கம்பளிகளை அதில் வைத்திருக்கிறோம். இரவு போர்த்திக்கொண்டால் எல்லாருக்கும் தும்மல்.

செவ்வாய்க்கிழமைகளில் அதே கூடத்தில் யோகா வகுப்பு நடக்கிறது, என் மனைவி போகிறாள். தரையில் கோடு ஏற்கனவே இருப்பதால் பாய்களை நேராகப் போடுவதற்கு வசதியாக இருக்கிறது என்று அங்கே வரும் பெண்கள் சொல்கிறார்களாம். போன வாரம் அவளைக் கூப்பிடப் போனபோது எட்டிப் பார்த்தேன். கடைசியில் எல்லாரும் மல்லாந்து, கையைக் காலைத் தளர்த்திக் கண்மூடிப் படுத்திருந்தார்கள். பாயின் நீளம் கட்டத்துக்குச் சரியாக இருந்தது. அகலம் ஒன்றரைக் கட்டத்தை அடைத்துக்கொண்டிருந்தது.